கட்டடத்தைப் பார்த்து மயங்காதீங்க... பாஸ் கணக்கைக் கேளுங்க!

என்ஜினீயரிங் கல்லூரி தேடும் பெற்றோர் கவனத்துக்கு

சென்னையில் மாம்பழ சீசன் களை கட்டும்போதே இன்னொரு சீசனும் தொடங்கி விடுகிறது. அதுதான் 'காலேஜ் சீசன்'!

ப்ளஸ்-2 ரிசல்ட் வந்ததுதான் தாமதம். மின்சார ரெயிலில், பஸ்சில், டீக்கடையில், ஆபீஸ் கேன்டீனில் எங்கும் இதே பேச்சுதான். "உங்க பையனுக்கு கட்-ஆப் எவ்வளவு சார்?" "பொண்ணை எந்த காலேஜ்ல போடப் போறீங்க?"

ஒரு புடவை எடுக்க தி.நகரில் பத்து கடை ஏறி இறங்குகிறவர்கள் உண்டு. கத்தரிக்காயைக்கூட அழுத்திப் பார்த்துத்தான் கூடையில் போடுவார்கள். ஆனால் பிள்ளையின் 4 வருஷப் படிப்பை மட்டும் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி முடிவு செய்து விடுகிறார்கள்!

அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது. அப்பாவின் பி.எப். பணம் கரைகிறது. ஏமாந்த பிறகு அழுது பயன் இல்லை. சேரும் முன்பு பார்க்க வேண்டிய விஷயங்கள் வருமாறு:-

கிண்டிக் கூட்டம் எங்கே?

1997-ல் தமிழ்நாட்டில் ஒற்றைச் சாளர கவுன்சிலிங் முறை வந்தது. வெளியூர்க் குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு கிண்டி அண்ணா பல்கலைக் கழகத்துக்குப் படையெடுத்தன. 2018-ல் எல்லாம் ஆன்-லைன் ஆகி விட்டது. அலைச்சல் மிச்சம்.

ஆனால் கம்ப்யூட்டரில் 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் வரிசையாக வந்து நிற்கும்போது பலருக்குத் தலை சுற்றுகிறது. வீட்டிலேயே கணக்குப் போட்டு வைக்காதவர்கள், பிரவுசிங் சென்டர்காரர் சொல்வதை எழுதி விட்டு வந்து விடுகிறார்கள்.

கட்-ஆப் என்பது 200-க்குப் போடும் கணக்கு. கணக்குப் பாடத்துக்கு 100. இயற்பியலுக்கு 50. வேதியியலுக்கு 50. போன வருஷம் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்த கட்-ஆப்பில் இடம் முடிந்தது என்ற பட்டியல் கவுன்சிலிங் இணையதளத்திலேயே கிடைக்கும்.

மார்க்கை மட்டும் பார்க்கக் கூடாது. ரேங்க்கையும் பார்க்க வேண்டும். பரீட்சை எளிதாக இருந்த வருஷத்தில் 190 வாங்கியவர் பின்னால் நிற்பார். கடினமான வருஷத்தில் அதே 190 முன்னால் நிற்கும்!

பெயர் ஒன்று, நம்பர் வேறு!

ஒரே சாமி பெயரில், ஒரே தலைவர் பெயரில் பல கல்லூரிகள் இருக்கின்றன. பெயரில் ஒரு எழுத்து, ஒரு சொல் மட்டுமே வித்தியாசம் இருக்கும். நல்ல பெயர் எடுத்த கல்லூரி என்று நினைத்து வேறு எதையோ தேர்ந்தெடுத்தால் அதோகதிதான்.

ஒவ்வொரு கல்லூரிக்கும் கவுன்சிலிங்கில் தனி கோட் நம்பர் உண்டு. பெயர், ஊர், நம்பர் மூன்றையும் ஒத்துப் பார்த்த பிறகே டிக் செய்ய வேண்டும்.

எத்தனை பேர் பாஸ்?

கண்ணாடி மாளிகை, ஏ.சி. வகுப்பு, வாசலில் நீரூற்று... எல்லாம் கண்ணுக்கு அழகுதான். ஆனால் பரீட்சை எழுதப் போவது நீரூற்று அல்ல!

தன்னோடு இணைந்த கல்லூரிகளின் செமஸ்டர் தேர்ச்சி விவரத்தை அண்ணா பல்கலைக் கழகம் கல்லூரி வாரியாக வெளியிட்டு வருகிறது. எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் பாஸ், எத்தனை சதவீதம் என்று அதில் இருக்கும். ஒரு செமஸ்டரை மட்டும் பார்க்காமல் நாலைந்து செமஸ்டர்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். தொடர்ந்து பாதிக்குப் பாதி பேர் பெயில் ஆகும் இடத்தில் உங்கள் பிள்ளை மட்டும் தப்புவான் என்று எப்படிச் சொல்ல முடியும்?

இதில் ஒரு நுணுக்கமும் உண்டு. 'தன்னாட்சி' பெற்ற கல்லூரிகள் தாங்களே கேள்வித்தாள் தயாரித்து, தாங்களே திருத்துகின்றன. அங்கே 95 சதவீதம் பாஸ் என்பதையும் பல்கலைக் கழகப் பரீட்சையில் 75 சதவீதம் பாஸ் என்பதையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

'நாக்', 'என்.பி.ஏ.' என்று போர்டு வைத்திருப்பார்கள். இரண்டும் வேறு வேறு. 'நாக்' என்பது கல்லூரி முழுமைக்கும் தரும் தரச் சான்று. என்.பி.ஏ. என்பது தனித்தனிப் படிப்புக்குத் தருவது. மெக்கானிக்கலுக்கு வாங்கிய சான்றைக் காட்டி கம்ப்யூட்டர் பிரிவுக்கு ஆள் பிடிப்பார்கள், உஷார்!

வாத்தியார் இருக்கிறாரா?

2024 ஜூலையில் ஒரு திடுக்கிடும் தகவலை அறப்போர் இயக்கம் வெளியிட்டது. ஒரே ஆசிரியரின் பெயர் ஒரே நேரத்தில் பல என்ஜினீயரிங் கல்லூரிகளின் பட்டியலில் இருந்தது! ஆய்வுக்கு வருபவர்களிடம் பேப்பரில் ஆள் காட்டுவதற்காக நடந்த வேலை இது. அண்ணா பல்கலைக் கழகமும் விசாரணையில் இறங்கியது.

எனவே கல்லூரிக்கு நேரில் போகிறவர்கள் ஆபீசில் காபி குடித்து விட்டுத் திரும்பக் கூடாது. வகுப்பு நடக்கும் நாளில் போக வேண்டும். லேப் பூட்டிக் கிடக்கிறதா, பசங்க வேலை செய்கிறார்களா என்று பார்க்க வேண்டும். வாசலில் பஸ்சுக்கு நிற்கும் மூன்றாம் வருஷ மாணவனிடம், "தம்பி, வாத்தியாருங்க நிலையா இருக்காங்களா? அடிக்கடி மாறுறாங்களா?" என்று கேட்டால் போதும். பல உண்மைகள் வெளிவந்து விடும்.

புதுப் பெயரில் தொடங்கிய படிப்பு என்றால் இன்னும் ஒரு கேள்வி. இதுவரை ஒரு 'பேட்ச்' ஆவது படித்து வெளியே வந்திருக்கிறதா?

"நூறு சதவீதம் வேலை!"

சாலை ஓரத்தில் பெரிய போர்டு. அதில் சிரிக்கும் மாணவன் படம். பக்கத்தில் பல லட்ச ரூபாய் சம்பளம்! அந்த ஒருவனுக்குக் கிடைத்தது சரி. மற்றவர்களுக்கு?

மூன்று கேள்வி கேட்க வேண்டும். கடைசி வருஷத்தில் மொத்தம் எத்தனை பேர் படித்தார்கள்? அதில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது? நடுவில் நிற்கும் மாணவனின் சம்பளம் என்ன? ஒரே மாணவனுக்கு 3 கம்பெனி ஆர்டர் வந்தால் அதை 3 வேலை என்று எண்ணும் சாமர்த்தியசாலிகளும் உண்டு.

மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எப். தரவரிசையில் கலந்து கொள்ளும் கல்லூரிகள் இந்த விவரங்களைக் கொடுத்தாக வேண்டும். அந்தக் கல்லூரியின் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

4 வருஷக் கணக்கு

'முதல் வருஷம் எவ்வளவு?' என்று கேட்பவர்களே அதிகம். மொத்தம் எவ்வளவு என்று கேட்பதே புத்திசாலித்தனம்.

சுயநிதிக் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு 2017-ல் நிர்ணயித்த கட்டணம் ஆண்டுக்கு 50 ஆயிரம் ரூபாய். என்.பி.ஏ. சான்று பெற்ற படிப்புக்கு 55 ஆயிரம். சேரும் ஆண்டுக்கான தொகையைச் சரிபார்த்துக் கொள்ள வேண்டும்.

55 ஆயிரம் என்றே வைத்துக் கொண்டால் 4 வருஷத்துக்கு 2 லட்சத்து 20 ஆயிரம். கல்லூரி பஸ்சுக்கு ஆண்டுக்கு 40 ஆயிரம் கேட்டால் அது 1 லட்சத்து 60 ஆயிரம். பரீட்சைக் கட்டணம், புத்தகம், யூனிபாரம் என்று ஆண்டுக்கு 20 ஆயிரம் ஆனால் 80 ஆயிரம். ஆக மொத்தம் 4 லட்சத்து 60 ஆயிரம்! 'பீஸ் 55 ஆயிரம்தான்' என்று கிளம்பியவர் நடுவழியில் தடுமாறுவது இதனால்தான்.

பாங்கிக் கடன் வாங்கலாம். 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் தேவை இல்லை. ஆனால் படிக்கும் காலத்திலும் வட்டி ஏறிக் கொண்டே இருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

அரசுப் பள்ளியில் 6-ம் வகுப்பு முதல் ப்ளஸ்-2 வரை படித்தவர்களுக்கு 2021 முதல் என்ஜினீயரிங்கிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கட்டணச் சலுகை உண்டு. சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது.

பயணக் கணக்கும் முக்கியம். பெரம்பூரில் இருந்து பழைய மகாபலிபுரம் சாலைக்குப் போக 2 மணி நேரம், வர 2 மணி நேரம் என்றால் 180 நாளில் 720 மணி நேரம். அதாவது 30 நாள் ராப்பகலாக பஸ்சிலேயே இருப்பதற்குச் சமம்! பையன் படிப்பது எப்போது, தூங்குவது எப்போது?

வரிசையில்தான் சூட்சுமம்

ஆன்-லைனில் கல்லூரிகளை வரிசைப்படுத்தும்போது, 'இது கிடைக்காது' என்று பயந்து பிடித்த கல்லூரியைக் கீழே தள்ளி விடுகிறார்கள். இது தவறு. கம்ப்யூட்டர் முதல் வரியில் இருந்துதான் பார்த்து வரும். அது இல்லை என்றால் அடுத்ததற்குப் போகும். எனவே மனசுக்குப் பிடித்ததை முதலில் போடுவதால் நஷ்டமே இல்லை. எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம். ஆனால் கிடைத்தாலும் சேர மாட்டோம் என்கிற கல்லூரியைப் போடவே கூடாது.

ஓ.டி.பி. பத்திரம்!

"எல்லாம் நாங்க பாத்துக்கறோம்மா. போனுக்கு வர்ற நம்பரை மட்டும் சொல்லுங்க" என்று தேனொழுகப் பேசும் புரோக்கர்கள் இந்த சீசனில் முளைப்பது வழக்கம். கமிஷன் கொடுக்கும் கல்லூரியை முதலில் போட்டு 'லாக்' செய்து விட்டால் உங்கள் பிள்ளையின் கட்-ஆப் அவர்களுக்குக் காசாகி விடும்! கவுன்சிலிங்குக்கு உதவ மாவட்டம் தோறும் அரசு உதவி மையங்கள் இருக்கின்றன. அங்கே காசு கேட்க மாட்டார்கள்.

நன்கொடை வாங்குவது 1992-ம் ஆண்டு சட்டப்படி குற்றம். எந்தப் பணம் கட்டினாலும் ரசீது கேட்க வேண்டும். ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளைப் பிடித்து வைத்துக் கொள்ளக் கல்லூரிக்கு உரிமை கிடையாது. வகுப்பு தொடங்கும் முன்பே விலகினால் அதிகபட்சம் ஆயிரம் ரூபாய் பிடித்துக் கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏ.ஐ.சி.டி.இ. விதி.

கேட்கக் கூச்சப்படத் தேவை இல்லை. பணம் கட்டுவது நீங்கள். படிக்கப் போவது உங்கள் பிள்ளை. கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிற கல்லூரி எங்கோ மூலையில் இருந்தாலும் பரவாயில்லை. "முதல்ல அட்வான்ஸ் கட்டுங்க, அப்புறம் பேசலாம்" என்கிற கல்லூரி அண்ணா சாலையிலேயே இருந்தாலும் வேண்டாம்!