ஒரு மரபணு, ஒரு பூஞ்சை

ஒரு நாளில் நாம் நூற்றுக்கணக்கான ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை வித்துகளைச் சுவாசிக்கிறோம். மட்கிய இலையிலும் வைக்கோலிலும் வளரும் பூஞ்சை இது. வித்தின் அளவு 2 முதல் 3 மைக்ரான். நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை அது போய்ச் சேரும். ஆனாலும் பெரும்பாலோருக்கு ஒரு தும்மல்கூட வருவதில்லை. உடலின் இந்தக் காவலை நமக்குப் புரியவைத்தவர்கள், பிறவியிலேயே அது குறைபட்ட குழந்தைகள்.

1950களில் அமெரிக்க மருத்துவர்களைச் சில சிறுவர்களின் நோய் குழப்பியது. சீழ்க்கட்டியும் நிமோனியாவும் மாறிமாறி வந்தன. இரத்தத்தில் வெள்ளணுக்களுக்குக் குறைவில்லை. எதிர்ப்புரதங்களும் தாராளமாக இருந்தன. 1967இல் விடை கிடைத்தது: அவர்களுடைய வெள்ளணுக்கள் கிருமியை விழுங்குகின்றன, ஆனால் கொல்வதில்லை.

விழுங்கிய கிருமியைக் கொல்ல, வெள்ளணு ஆக்சிஜனைச் சூப்பர்ஆக்சைடாக மாற்றுகிறது. அந்த வேலையைச் செய்யும் நொதி பல புரதங்கள் சேர்ந்தது. அவற்றில் ஒன்றுக்கான மரபணு பழுதானாலும் நொதி இயங்காது. இதுவே நாள்பட்ட கிரானுலோமா நோய். சுமார் 2 லட்சம் பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு வருகிறது. முக்கியமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண் குழந்தைகளே அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். மட்கிய சருகைக் கிளறிவிட்டு வரும் சிறுவனுக்குச் சில நாட்களில் மூச்சுத்திணறல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

வியப்பு இனிமேல்தான். இந்தக் குழந்தைகளின் நுரையீரலை ஆஸ்பர்ஜில்லஸ் அரித்தாலும், வாயில் கேண்டிடா என்ற வேறொரு பூஞ்சையின் வெண்படலம் பொதுவாகப் படர்வதில்லை. இன்டர்லூகின்-17 என்ற புரதத்தின் வழி பழுதானவர்களுக்கோ நேர்மாறு: வாயிலும் நகத்திலும் கேண்டிடா விடாமல் வளரும், நுரையீரலை ஆஸ்பர்ஜில்லஸ் தொடுவதில்லை. கார்டு-9 மரபணுவின் இரு பிரதிகளும் பழுதானவர்களுக்குக் கேண்டிடா மூளைவரை போகிறது. சாதாரணப் படர்தாமரைப் பூஞ்சையே தோலைத் தாண்டி நிணநீர்க் கணுக்களுக்குள் இறங்குகிறது. அல்ஜீரியா, துனிசியா, மொராக்கோ நாட்டுக் குடும்பங்களில் 2013இல் படர்தாமரை பற்றிய இந்த உண்மை தெளிவானது. சொந்தத்தில் மணம் செய்யும் குடும்பங்களில், ஒரே பழுது தாய்வழியும் தந்தைவழியும் வந்து சேரும் வாய்ப்பு கூடுதல்.

பூஞ்சைக்கெல்லாம் பொதுவான ஒரே எதிர்ப்புச் சக்தி என்று எதுவும் இல்லை. நுரையீரலுக்கு ஒரு காவல், வாய்க்கு வேறொன்று, மூளைக்கு இன்னொன்று. எந்தக் காவல் எதற்கு என்பதை எந்த எலியும் இவ்வளவு துல்லியமாகக் காட்டியிருக்க முடியாது. நோயுற்ற பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் தந்த இரத்தத் துளிகள் காட்டின.

அந்த அறிவு அவர்களுக்கே திரும்பியும் வந்திருக்கிறது. 2003இல் வெளியான, 39 கிரானுலோமா நோயாளிகள் பங்கேற்ற ஆய்வில், இட்ராகொனசோல் மருந்து எடுத்த காலத்தில் ஒருவருக்கே கடும் பூஞ்சைத் தொற்று வந்தது. வெற்று மாத்திரைக் காலத்தில் ஏழு பேருக்கு வந்தது. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நோயையே நீக்கவும் வல்லது. ஆகவே சீழ்க்கட்டியும் நிமோனியாவும் ஒரு குழந்தைக்குத் திரும்பத் திரும்ப வந்தால், மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கக் கூடாது. வெள்ளணு சூப்பர்ஆக்சைடு தயாரிக்கிறதா என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனையை மருத்துவரிடம் கேட்க வேண்டும்.