புட்டியில் வளரும் வாழைக் கன்று

மகாராஷ்டிராவில் உள்ள ஜல்காவ் மாவட்டம் வாழைக்குப் பெயர் பெற்றது. முன்பு அங்குள்ள விவசாயிகள் மரத்தடியில் முளைக்கும் பக்கக் கன்றைத் தோண்டி நட்டார்கள். இப்போது பலர் திசு வளர்ப்புக் கன்றை வாங்கி நடுகிறார்கள். ஏன்?

நாம் சாப்பிடும் வாழைப்பழத்தில் முளைக்கும் விதை இல்லை. கன்றைத்தான் நட வேண்டும். பக்கக் கன்றில் ஒரு தொல்லை உண்டு. கிழங்கில் ஒளிந்திருக்கும் வண்டும் நூற்புழுவும் கன்றோடு சேர்ந்து புதிய தோட்டத்துக்கு வந்துவிடும். கன்றுகளின் வயதும் ஒன்றாக இருக்காது. ஒரு மரம் முன்னே குலை தள்ளும். இன்னொன்று பின்னே தள்ளும்.

திசு என்றால் என்ன?

செடியின் உடல் மிகச் சிறிய அறைகளால் ஆனது. அவற்றைச் செல்கள் என்பார்கள். ஒரே வகைச் செல்கள் பல சேர்ந்தது திசு.

கன்று எப்படி உருவாகிறது?

முதலில் நல்ல தாய் மரத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதன் பக்கக் கன்றை எடுத்து, கிழங்கின் நடுவே உள்ள குருத்து நுனியை மட்டும் வெட்டுகிறார்கள். அதைக் கிருமி போகக் கழுவி, கண்ணாடிப் புட்டியில் வைக்கிறார்கள். புட்டிக்குள் கூழ் போன்ற உணவு இருக்கும். அதில் சர்க்கரையும் உப்புச் சத்துகளும் வளர்ச்சி ஊக்கியும் உண்டு.

ஒரு குருத்து பல குருத்துகளாகக் கிளைக்கிறது. அவற்றைப் பிரித்து வேறு புட்டிகளில் வைக்கிறார்கள். அவையும் பெருகுகின்றன. கடைசியில் வேர் விடச் செய்கிறார்கள்.

புட்டியில் வளர்ந்த கன்று வெயிலையும் காற்றையும் அறியாது. உடனே வயலில் நட்டால் வாடிவிடும். அதனால் முதலில் ஈரமான குடிலிலும், பிறகு நிழல் வலையின் கீழும் வைத்துப் பழக்குகிறார்கள். ஐந்தாறு இலை விட்ட பிறகே அது தோட்டத்துக்கு வரும்.

என்ன லாபம்?

எல்லாக் கன்றும் ஒரே வயது. குலைகளும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முற்றும். சேர்த்து வெட்டி விற்கலாம்.

கவனம் தேவை

தாய் மரத்தில் வைரஸ் நோய் இருந்தால், அதிலிருந்து வரும் ஆயிரக்கணக்கான கன்றுகளுக்கும் அது பரவலாம். முடிக்கொத்து நோய் அப்படிப்பட்டது. சிறு கன்றைப் பார்த்து நோயைக் கண்டுபிடிப்பது கடினம். பரிசோதனை செய்துதான் அறிய முடியும். இதற்காக மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2006-ஆம் ஆண்டில் சான்றளிக்கும் முறையைக் கொண்டு வந்தது.

கன்றின் விலை அதிகம். எனவே வாங்கும் முன் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வாடல் நோய் வந்த மண்ணில் நடாதீர்கள். நல்ல கன்றும் அங்கே நோய்ப்படும்.

விலை கொடுப்பவருக்குக் கேட்க உரிமை உண்டு. சான்றுச் சீட்டைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.