நோய் எதிர்ப்பாற்றல்: சொல்லும் கருத்தும்

1. முன்னுரை

உடல் நோயிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் இயல்பைத் தமிழில் ‘நோய் எதிர்ப்பாற்றல்’ என்கிறோம். இதற்கு நிகரான ஆங்கிலச் சொல்லுக்கு மூலமாகிய ‘இம்யூனிஸ்’ என்னும் இலத்தீன் சொல், வரி முதலிய பொதுக் கடமைகளிலிருந்து விலக்குப் பெற்றவரைக் குறித்தது. இலத்தீன் சொல் விலக்கினைச் சுட்ட, தமிழ்ச்சொல் வலிமையைச் சுட்டுகிறது. ஆற்றல் மிகுந்தால் நலமும் மிகும் என்னும் எண்ணம் இச்சொல்லாட்சியால் எழக்கூடும். அது பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. இருவகைத் துலங்கல்

உடலின் துலங்கல் இருவகைப்படும். முதலாவது பிறவியிலேயே அமைந்தது. தோலும் சளிப்படலமும் நுண்ணுயிரிகளைத் தடுக்கின்றன. மீறி நுழைந்தவற்றைச் சிலவகை வெள்ளணுக்கள் விழுங்குகின்றன. இத்துலங்கல் விரைவானது, ஆயின், குறிப்பிட்ட நோய்க்கிருமியை நினைவிற் கொள்வதில் இதன் பங்கு மிகக் குறைவு.

இரண்டாவது வாழ்நாளில் ஈட்டப்படுவது. இதனை நிகழ்த்துவன லிம்ஃபோசைட்டுகள். இவை அடையாளம் காணும் பொருள் ஆன்டிஜென் எனப்படும். பி உயிரணுக்களின் வழித்தோன்றல்கள், ஆன்டிஜெனோடு பொருந்தும் எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன. (மொழியியலில் ‘எதிர்ப்பொருள்’ என்பது முரணான பொருளைக் குறிக்கும், இங்கு அது ஒரு புரதம்.) டி உயிரணுக்களுள் ஒருவகை தொற்றுக்குள்ளான உயிரணுக்களை அழிக்கிறது, மற்றொருவகை பிற உயிரணுக்களின் செயலுக்குத் துணைபுரிகிறது.

3. நினைவு

தொற்று நீங்கிய பின்னரும் லிம்ஃபோசைட்டுகளுள் சில நினைவு உயிரணுக்களாக எஞ்சுகின்றன. 1846இல் டென்மார்க்கின் ஆட்சிக்குட்பட்ட ஃபாரோத் தீவுகளில் தட்டம்மை பரவியது. அதற்குமுன் அந்நோய் அங்குப் பரவியது 1781இல். அப்போது நோயுற்றுப் பிழைத்திருந்த முதியோர் எவரும் 65 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் நோயுறவில்லை என மருத்துவர் பானும் கண்டறிந்தார். அம்முதியோரைக் காத்தது உடல்வலிமையன்று, முன்னறிமுகமே. நோயுறாமலேயே இவ்வறிமுகத்தைத் தருவது தடுப்பூசி.

4. அறிதலின் பிழை

மகரந்தத்தைப் பகையெனக் கொள்ளும்போது ஒவ்வாமை தோன்றுகிறது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களையே தாக்கும்போது முதல்வகை நீரிழிவு உண்டாகிறது. இவை ஆற்றல் குன்றியதால் நேர்வன அல்ல; இலக்குத் தவறியதால் நேர்வன. எனவே, ‘எதிர்ப்பாற்றலைப் பெருக்கும்’ என விற்கப்படுவனவற்றை இந்நோயாளர் மருந்தெனக் கொள்வது பயனற்றது. சிலவேளை தீங்காகவும் முடியலாம்.

5. முடிவுரை

அறிதல், அளவோடு செயற்படுதல், நினைவிற் கொள்ளுதல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே இக்கருத்து. ‘எதிர்ப்பாற்றல்’ வழக்கில் வேரூன்றிய சொல், அதனை மாற்றவேண்டுவதில்லை. பாடநூல்கள் அச்சொல்லை அறிமுகப்படுத்தும் இடத்திலேயே இம்மூன்றையும் விளக்குதல் வேண்டும்.