ஓட்டல் பில்லில் வரி: சேலத்துக்கு என்ன தொடர்பு?

சேலத்தில் குடும்பத்தோடு ஓட்டலுக்குப் போனால் சாப்பாட்டு பில்லில் 5% ஜிஎஸ்டி இருக்கும். ‘நாம என்ன குடிச்சோமா, எதுக்கு வரி?’ என்று தோன்றுகிறதா? குடிக்கும் வரிக்கும் முடிச்சு விழுந்ததே இங்கேதான்.

1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி அரசு, நாமக்கல்லும் அடங்கிய அன்றைய சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. கள், சாராய வருமானம் போனது. அதை ஈடுகட்ட 1939-ல் பொது விற்பனை வரி வந்தது.

மதுவிலக்கு பிறகு தளர்ந்தது. 2003-ல் சில்லறை விற்பனையே டாஸ்மாக் கைக்கு வந்தது. வரி மட்டும் போகவில்லை. வாட், ஜிஎஸ்டி என்று பெயர்தான் மாறியது.

பார் உள்ள ஓட்டலில் ஒயினோடு சாப்பிட்டால் கணக்கு ரெண்டு: உணவுக்கு ஜிஎஸ்டி, ஒயினுக்கு மாநில வாட். ஒயினுக்கும் ஜிஎஸ்டி போட்டிருந்தால் தயங்காம கேளுங்க.