மழையில்லாத ஆடியில் காவிரிக்குத் தண்ணீர் ஏது?

ஆடியில் திருச்சியின் பாலக்கரையில் மழையைவிடக் காற்றுதான் அதிகம். ஆனால் வடக்கே காவிரி பெருகி ஓடும். எப்படி?

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்து வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலேறும்போது குளிர்ந்து, குடகிலும் வயநாட்டிலும் கொட்டித் தீர்க்கிறது. மலைதாண்டி இறங்கும் காற்று வெப்பமடைந்து வறண்டுபோகிறது. அதனால் திருச்சிக்கு மழை குறைவு. நமக்குப் பெருமழை தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று. அதற்கு முன்பே குடகின் மழை மேட்டூர் அணை கடந்து, முக்கொம்பில் காவிரி, கொள்ளிடம் எனப் பிரிந்து ஸ்ரீரங்கத்தைச் சூழ்கிறது.

கடற்கரையே இல்லாத ஆப்பிரிக்க நாடான நைஜரிலும் இப்படித்தான். கினி மலைகளில் பெய்த மழை ஆற்றுவழியே பல மாதம் பயணித்து, மழையற்ற டிசம்பர், ஜனவரியில் தலைநகர் நியாமேயை எட்டுகிறது.

குடகின் காடுகளைக் காப்பது திருச்சியின் குடிநீரைக் காப்பதாகும்.