வைரஸை எங்கே மறிப்பது?

எச்.ஐ.வி. தனக்கு வேண்டிய உட்புறப் புரதங்களைத் தனித்தனியாகச் செய்துகொள்வதில்லை. நம் செல்லைக் கொண்டே அவற்றை ஒரே நீளச் சங்கிலியாகச் செய்வித்து, வெளியேறும் தறுவாயில் புரோட்டியேஸ் என்ற தன் நொதியால் வெட்டிப் பிரித்துக்கொள்கிறது. 1995 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சாகுவினாவிர், அந்த நொதியின் வெட்டுமிடத்தில் போய் அடைத்துக்கொள்ளும் மருந்து. அதைக் கொடுத்தாலும் வைரஸ் துகள்கள் செல்லிலிருந்து வெளியே வரத்தான் செய்கின்றன. ஆனால் சங்கிலி வெட்டுப்படாததால் உள்ளே கூம்பு வடிவக் கூடு அமையாமல், அடுத்த செல்லைத் தொற்றும் வலுவின்றிப் போகின்றன. இந்த நொதி ஃபீனைல்அலனினுக்கும் புரோலினுக்கும் நடுவே வெட்டக்கூடியது. மனித நொதிகள் அந்த இடத்தில் வெட்டுவது அரிது. மருந்தை வடிவமைத்தவர்கள் பிடித்துக்கொண்டது இந்த வித்தியாசத்தைத்தான். செல்லின் வேலையை விட்டுவிட்டு வைரஸின் சொந்த வேலையை மறிப்பதே நம்பத்தக்க வழி என்று நான் கருதுவதற்கு இது முதல் சான்று.

டெங்குவில் நடந்தது இதற்கு நேர்மாறு. அதன் மேலுறைப் புரதங்கள் எண்டோபிளாச வலைக்குள் உருப்பெறும்போது, அவற்றில் ஒட்டிய சர்க்கரைச் சங்கிலியின் நுனியை நம் செல்லின் குளுக்கோசிடேஸ் நொதிகள் நறுக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் புரதம் சரியாக மடியாது. மடியாத புரதத்தைச் செல் வெளியே அனுப்பாது. ஆஸ்திரேலிய மரமொன்றின் விதையில் கிடைக்கும் வேதிப்பொருளிலிருந்து உருவான செல்கோசிவிர் இந்த நறுக்கலைத் தடுத்து, டெங்கு கண்ட எலிகளைக் காப்பாற்றியது. சிங்கப்பூரில் 50 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2014-ல் வெளிவந்தபோதோ, காய்ச்சலிலும் ரத்தத்திலிருந்த வைரஸ் அளவிலும் குறிப்பிடத்தக்க குறைவு இல்லை. மருந்தளவையும் வேளையையும் மாற்றினால் பலன் தெரியலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே நொதிகள் நம் சொந்தப் புரதங்களுக்கும் தேவை. அளவை இஷ்டம்போல் ஏற்ற முடியாது.

வைரஸ் தன்னை மாற்றிக்கொள்ளும், செல் மாறாது, ஆகவே செல்லைத் தடுப்பதே மேல் என்று வாதிடுவோர் உண்டு. வாதத்தில் நியாயம் இருக்கிறது: புரோட்டியேஸ் தடுப்பானைத் தனியே கொடுத்தால் எச்.ஐ.வி. அதை மீறிவிடுகிறது. அதற்கு மருத்துவம் கண்ட விடை, 1996-லிருந்து பரவிய கூட்டுமருந்துச் சிகிச்சை. செல்லைக் குறிவைத்த எச்.ஐ.வி. மருந்தான மராவிராக் வெற்றி பெற்றதும் உண்மைதான். ஆனால் அது அடைக்கும், வைரஸ் நுழைய உதவும் சிசிஆர்5 என்ற செல் ஏற்பி இல்லாமலே பிறந்து நலமாக வாழ்பவர்கள் இருக்கிறார்கள். புரதத்தை மடிக்கும் ஏற்பாட்டை அப்படி விட்டுவிட எந்தச் செல்லாலும் முடியாது. டெங்கு வைரஸிடமும் சொந்தமாக ஒரு புரோட்டியேஸ் இருக்கிறது. அதன் வெட்டுமிடம் ஆழமில்லாமல் தட்டையாக இருப்பதால் மருந்து மூலக்கூறு பிடித்து நிற்பது கடினம். கடினமானாலும் முயற்சி குவிய வேண்டிய இடம் அதுதான்.