திராட்சை நாற்றுக்கு ஈரப்பதம் பார்க்க எக்செல்

அனுமந்தன்பட்டிப் பக்கம் வீட்டு அறையில் திராட்சைக் குச்சி ஊன்றி நாற்று வளர்க்கிறீர்களா? 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சைதானே! காற்றில் ஈரப்பதம் குறைந்தால் துளிர் வாடும். இரவெல்லாம் இலை நனைந்திருந்தால் அடிச்சாம்பல் நோய்க்கு வழியாகும். உங்கள் புதுக் கம்ப்யூட்டர் இதற்கு உதவும்.

முதலில் ஈரப்பதம் காட்டும் டிஜிட்டல் மீட்டரைச் சோதியுங்கள். பாட்டில் மூடியில் சமையல் உப்பு போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டுச் சேறு போலக் குழையுங்கள். உப்பு முழுவதும் கரைந்துவிடக் கூடாது. அதையும் மீட்டரையும் காற்றுப் புகாத டப்பாவில் மூடி வைத்து மறுநாள் பாருங்கள். 75 சதவீதம் காட்ட வேண்டும். 80 என்று காட்டினால், இனி எடுக்கும் அளவுகளில் 5-ஐக் கழித்துக்கொள்ளுங்கள்.

எக்செலில் முதல் நெட்டு வரிசையில் நேரம், அடுத்ததில் வெப்பநிலை, மூன்றாவதில் ஈரப்பதம் என ஒரு வாரம் டைப் செய்யுங்கள். கடைசி இரண்டு வரிசைகளை செலக்ட் செய்து, இன்சர்ட் பகுதியில் லைன் சார்ட்டை கிளிக் செய்யுங்கள். ஒரு கோடு ஏறும்போது மற்றது இறங்கும். 20 டிகிரியில் 80 சதவீதம் ஈரப்பதமுள்ள காற்று 32 டிகிரிக்குச் சூடானால் சுமார் 39 சதவீதம்தான் காட்டும். காற்றிலுள்ள நீராவி குறையவில்லை; சூடான காற்றில் இன்னும் அதிக நீராவிக்கு இடமுண்டு, அவ்வளவுதான். எனவே மதிய அளவைப் பார்த்துப் பயந்து மாலையில் ஸ்பிரே அடிக்காதீர்கள். இரவு குளிர்ந்ததும் சதவீதம் தானாக ஏறும். காலையில் அடியுங்கள். கம்ப்யூட்டர் மட்டும் வேறு அறையில் இருக்கட்டும்!